உறை இல்லாமல் இறங்காதீர்கள்

கேள்வி: "ஐயா, நான் மேஸ்திரி. ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஊர், பெயர் போட வேண்டாம். கழிவுநீர்க் குழாய் பதிக்கிற வேலையைக் காண்ட்ராக்டரிடமிருந்து உள்காண்ட்ராக்ட்டாக எடுத்திருக்கிறேன். தெரு நாலு மீட்டர் அகலம். 180 மீட்டர் நீளத்துக்கு 200 எம்எம் பிவிசி குழாய். தொடக்கத்தில் 1.2 மீட்டர் ஆழம், கடைசியில் பழைய மேன்ஹோலில் சேர்கிற இடத்தில் 3.2 மீட்டர். ரெண்டு மீட்டரைத் தாண்டினால் ஊற்று அடிக்கிறது. ரெண்டு 5 எச்பி மோட்டார் ஓடியும் தண்ணீர் வற்றவில்லை, மணல்தான் வருகிறது. போன வாரம் கரை சரிந்து ஒரு பையன் இடுப்புவரை புதைந்துவிட்டான். நல்லவேளை, கயிறு போட்டு இழுத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலும் வெடிப்பு விட்டிருக்கிறது. ஐப்பசி மழைக்குள் முடிக்கச் சொல்லி காண்ட்ராக்டர் நெருக்குகிறார். இன்னும் பெரிய மோட்டார் போடலாமா? சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தால் போதுமா?"

பதில்:

தம்பி, மோட்டாரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பையன். டாக்டரிடம் காட்டினீர்களா? இடுப்புவரை ஈர மணலில் மாட்டியவரைக் கயிறு கட்டி இழுத்தால் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் அடிவாங்கும், அன்றைக்குத் தெரியாது. கால் மரத்துப்போகிறது, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று எதையாவது சொன்னால் ஒருநாள்கூடத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இடுப்போடு நின்றது அவன் அதிர்ஷ்டம். நனைந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன். நெஞ்சுவரை ஏறியிருந்தால் தலை வெளியே இருந்தும் பயனில்லை. மூச்சை வெளியே விட்டதும் நெஞ்சு சுருங்கும், அந்த இடைவெளியில் மணல் இறங்கிவிடும், அடுத்த மூச்சை உள்ளே இழுக்க முடியாது. பக்கத்தில் நின்றவன் பதறிக் குதித்தால் அதே கரை இன்னொரு தடவை சரியும். இனிமேல் அப்படி நடந்தால் யாரும் குதிக்கக்கூடாது, ஜேசிபி வாளியால் தோண்டவும் கூடாது. 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உடனே போன் போடுங்கள். கரைமேல் நிற்கிற ஆட்களையும் வண்டியையும் விலக்குங்கள். மற்றதை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது மோட்டார். பெரிய மோட்டார் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு சோதனை செய்து பாருங்கள். மோட்டார் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்திருந்தால், அது உங்கள் பள்ளத்து மணல் மட்டும் இல்லை. தெருவுக்கும் அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கும் அடியில் இருந்த மணல். சுவர் ஏன் வெடித்தது என்பதற்கு அந்த வாளியே பதில்.

பள்ளத்துக்குள் தண்ணீரை இறைக்க இறைக்க, வெளியே உயரமாக நிற்கிற நிலத்தடி நீர் பள்ளத்தின் அடிவழியாக மேலே முட்டிக்கொண்டு வரும். வருகிற வேகம் ஒரு அளவைத் தாண்டினால் மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்காமல் மிதக்கத் தொடங்கும். நீங்களே பார்த்திருப்பீர்கள்: பள்ளத்தின் தரை கஞ்சி கொதிக்கிற மாதிரி அங்கங்கே கொப்பளிக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். அந்தக் கொப்புளத்தைக் கண்டதும் ஆட்களை மேலே ஏற்றிவிடுங்கள். அடி கொதித்தால் கரைக்குப் பிடிமானம் போய்விடும், அடுத்து சரிகிறது கரைதான்.

கரை விஷயத்தில் நம் கடற்கரை மணல் ஆளை ஏமாற்றும். காலையில் வெட்டும்போது கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தாக நிற்கும். "நல்லாத்தானே நிக்குது" என்று ஆள் இறங்குவான். அது நிற்பது மணலுக்குள் இருக்கிற கொஞ்சம் ஈரத்தால். கடற்கரையில் பிள்ளைகள் கட்டுகிற மணல்வீடு நிற்கிறதே, அதே ஈரம்தான். பதினொரு மணி வெயிலில் காய்ந்தாலும் உதிரும், கீழிருந்து தண்ணீர் ஏறினாலும் உதிரும். உங்கள் கரை சரிந்தது எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. மதியத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? எல்லாரும் முட்டு, பலகை என்று தொடங்குவார்கள். நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். இவ்வளவு ஆழம் எதற்கு?

200 எம்எம் கழிவுநீர்க் குழாய்க்கு 250-க்கு 1 வாட்டம், அதாவது 250 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம், இருந்தால் போதும், கசடு தங்காமல் ஓடும். 180 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 72 சென்டிமீட்டர் இறக்கம். தெரு மட்டமாக இருந்தால், 1.2 மீட்டரில் தொடங்கிய குழாய் கடைசியில் 1.92 மீட்டரில் நிற்க வேண்டும். மேன்ஹோலுக்கு மேன்ஹோல் ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் இறக்கம் விட்டாலும் 2 மீட்டரைச் சுற்றித்தான் வரும். உங்கள் வரைபடத்தில் 3.2 வருகிறது, அதாவது 90-க்கு 1. இது ஏன் என்று யாரும் கேட்கவில்லை போல. பழைய மேன்ஹோலின் அடிமட்டம் 3.2-இல் இருக்கிறது, அதனால் குழாயையும் நேர்க்கோட்டில் அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று நான் ஊகிக்கிறேன்.

அப்படி இறக்க வேண்டிய அவசியம் இல்லை. குழாயை 1.9 மீட்டரிலேயே கொண்டுபோய், பழைய மேன்ஹோலுக்கு முன்னால் ஒரு டிராப் மேன்ஹோல் கட்டி, அங்கே செங்குத்தாக இறக்கலாம். 60 சென்டிமீட்டருக்கு மேல் மட்ட வித்தியாசம் வந்தால் டிராப் போடுவது வழக்கமான முறைதான், புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆழமான வேலை அப்போது கடைசி நாலைந்து மீட்டரோடு முடிந்துவிடும். மீதித் தெரு முழுக்க நீங்கள் ஏறக்குறைய ஊற்றுக்கு மேலேயே வேலை செய்வீர்கள். ஆனால் இதை நீங்களாக மாற்றக்கூடாது. தெருவின் மட்டங்களை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரிடம் காண்ட்ராக்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்தில் வாங்குங்கள். வெட்டுகிற செலவு குறைகிறது என்றால் காண்ட்ராக்டரும் காது கொடுப்பார்.

1.9 மீட்டர்தானே என்று வெறும் பள்ளத்தில் ஆளை இறக்கலாமா? கூடாது. 1.5 மீட்டரைத் தாண்டினால் கரையைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் தடுப்புக் கட்ட வேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறை விதி. இந்த மாதிரி மணலில் சரிவு என்றால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளியே போக வேண்டும். நாலு மீட்டர் தெருவில் அதற்கு இடம் ஏது? ஆக உங்களுக்குத் தடுப்புத்தான்.

சவுக்குக் கம்பைக் கேட்டீர்கள். கம்பில் குறை இல்லை, அதைக் கட்டுகிற விதத்தில்தான் குறை. பலகை வைத்து முட்டுக் கொடுக்க ஒருவன் தடுப்பே இல்லாத பள்ளத்துக்குள் முதலில் இறங்கியாக வேண்டும். அவனை யார் காப்பாற்றுவது? போதாததற்கு, ஊற்று மணல் பலகை இடுக்கு வழியாகச் சர்க்கரை கொட்டுகிற மாதிரி கொட்டும். பலகைக்குப் பின்னால் பொந்து விழுந்ததும் முட்டு தானாகத் தளர்ந்துவிடும். சென்ட்ரிங் ஷீட்டை நட்டு வைத்து வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இறக்கிய மணலே ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 டன் அழுத்தும். தண்ணீர் தரைமட்டம்வரை ஏறி நின்றால் அது 4 டன் ஆகும். காங்கிரீட் போடுகிற தகடு அதற்கு எந்த மூலை?

உங்கள் ஊரிலேயே பழைய கிணறு வெட்டுகிறவர் யாராவது இருப்பார். அவரிடம் போய், "அண்ணே, மணல்ல உறை இல்லாம எறங்குவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். உறையை, அதாவது கிணற்று வளையத்தை, மேலே வைத்து, அதற்குள் நின்று மணலை எடுக்க எடுக்க, உறை தன் எடையில் இறங்கும். ஆள் இறங்குவதற்கு முன்னால் உறை இறங்கியிருக்கும். கீழடியில் சுடுமண் உறைகிணறே கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த வேலை. அதே மண்ணில் நீளமாக வெட்டினால் மட்டும் உறையை மறந்துவிடுகிறோம். எனக்கு இது இன்னும் புரியாத விஷயம்.

பள்ளத்துக்கான உறை டிரெஞ்ச் பாக்ஸ். ரெண்டு பக்கமும் கனமான இரும்புச் சுவர், நடுவே குறுக்கு முட்டு, மேலும் கீழும் திறப்பு. ஆழம் குறைந்த பள்ளத்துப் பெட்டி என்றால் ஜேசிபியே அதைத் தூக்கி உள்ளே வைக்கும், ஆள் இறங்க வேண்டியதில்லை. மூன்று மீட்டர் ஆழத்துப் பெட்டியை ஜேசிபி தூக்காது, அதற்குப் பொக்லைன் வேண்டும். பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். லேத் பட்டறையில் அடித்துக்கொள்வதானால் தகட்டின் கனத்தையும் முட்டின் அளவையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், கண்ணளவில் அடிக்காதீர்கள். ஏணி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், தரைக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு. பெட்டியை முன்னே இழுக்கும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது. குழாயின் அந்த முனையைப் பார்க்கிறேன் என்று பெட்டியை விட்டு ரெண்டு எட்டு வெளியே போகிறானே, சாவு அந்த ரெண்டு எட்டில்தான் காத்திருக்கும்.

வெட்டிய மண்ணைக் கரைமேலேயே குவிக்கிறீர்கள், நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியும், தெருவில் வேறு இடமில்லை. விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இதில் எது கூடுதலோ அவ்வளவு தள்ளித்தான் போட வேண்டும். இடமில்லை என்றால் டிராக்டரில் ஏற்றித் தெருமுனைக்கு அனுப்புங்கள். இதற்கு ஆகும் டீசல் செலவைப் பார்த்து முகம் சுளிக்கிற காண்ட்ராக்டரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். 3.2 மீட்டரைத் தொட்டே ஆக வேண்டிய அந்தக் கடைசித் துண்டில், தண்ணீரைப் பள்ளத்துக்கு வெளியே இருந்து இறக்க வேண்டும், அதுவும் வெட்டுவதற்கு முன்னால். உங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போடுகிற ஃபில்டர் பாயின்ட் தெரியுமே, அதன் தம்பிதான் வெல்பாயின்ட். பள்ளத்தின் ஓரமாக ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக மெல்லிய குழாய்களைத் தண்ணீர் பீய்ச்சி இறக்குவார்கள். அடியில் சல்லடை இருக்கும், அது பள்ளத்தின் அடிமட்டத்தைவிட ஒரு மீட்டராவது கீழே போய் உட்கார வேண்டும். எல்லாவற்றையும் மேலே ஒரே குழாயில் இணைத்து, வெற்றிட பம்பு போட்டு உறிஞ்சினால் மொத்த நீர்மட்டமே கீழே போகும். ஐந்து, ஐந்தரை மீட்டர்வரை இது உறிஞ்சும், உங்களுக்குத் தாராளம். ஒன்றிரண்டு நாள் முன்னதாக ஓட்டத் தொடங்குங்கள். பக்கத்தில் சல்லடைக் குழாய் ஒன்றைத் தனியாக இறக்கி வைத்து, கயிற்றில் கல் கட்டி அளந்து, தண்ணீர் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு அரை மீட்டர் கீழே போன பிறகே இயந்திர வாளியை மண்ணில் வையுங்கள். இங்கேயும் அந்த வாளிச் சோதனை உண்டு: முதல் சில நிமிடத்துக்குப் பிறகு வருகிற தண்ணீர் மணலில்லாமல் தெளிந்து வர வேண்டும்.

ஓட்டத் தொடங்கினால் ராத்திரி பகல் நிறுத்தக்கூடாது. இதை நான் பட்டு அறிந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரத்தில் ஒரு சைட். சாயங்காலத்துக்குள் நாற்பது மீட்டர் குழாய் பதித்து, வாட்டம் பார்த்து, பாதி மூடிவிட்டு, ரொம்பத் திருப்தியாகத் தூங்கப் போனோம். நடுராத்திரியில் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் இருந்தது, அதை ஓட்ட வேண்டிய ஆள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இருந்தான். விடிந்து போய்ப் பார்த்தால், பள்ளம் நிறையத் தண்ணீர், அதன்மேல் எங்கள் குழாய் வரிசையாக மிதக்கிறது. ஜாயின்ட் எல்லாம் கழன்று, ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே பார்க்கிறது. சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை, அதுதான் பெரிய தண்டனை.

கணக்கு எளிது. வெறும் 200 எம்எம் குழாய் தண்ணீரில் மூழ்கினால் ஒரு மீட்டருக்கு 31 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது, அதாவது தண்ணீர் அதை 31 கிலோ விசையோடு மேலே தூக்கும். பிவிசியின் எடை அதில் கால்பங்குகூட வராது. ஆகவே குழாயின் தலைக்கு மேல் அரை மீட்டராவது மண் போட்டு, இருபக்கமும் குத்தி இறுக்கிய பிறகுதான் பம்பை நிறுத்த வேண்டும். ஒருநாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்கு வெட்ட வேண்டும்.

குழாய்க்கு அடியில் மணல் மெத்தை போடுவது நம் வழக்கம். ஊற்று உள்ள இடத்தில் அது நிற்காது, தண்ணீரோடு போய்விடும், குழாய் அங்கங்கே தொங்கி வாட்டம் கெடும். சிறு சிப்ஸ் ஜல்லி போடுங்கள். சுற்றிலும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் பக்கத்து மணல் ஜல்லி இடுக்கில் புகாது. தாழ்ந்த முனையிலிருந்து மேலே பதித்துக்கொண்டு வாருங்கள், சாக்கெட் வாய், அதாவது அடுத்த குழாய் நுழைகிற அகன்ற முனை, மேட்டுப் பக்கம் பார்க்க. சாக்கெட்டுக்கு நேர் கீழே ஜல்லியைக் கொஞ்சம் தோண்டி விடுங்கள், இல்லையென்றால் குழாய் முழுக்கச் சாக்கெட்டின்மேல் உட்கார்ந்துவிடும். ரப்பர் வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர், கிரீஸ் வேண்டாம்.

பழைய மேன்ஹோலில் சேர்க்கிற இடம் வேறு விதமான ஆபத்து. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்குக் கவலை. அதில் கழிவுநீர் ஓடுகிறது. சுவரை உடைத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உங்கள் பள்ளத்துக்கு வரும். காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு" என்று இறங்கினவர்கள் திரும்பி வந்ததில்லை. பாதுகாப்புக் கவசமும் கருவியும் இல்லாமல் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். மேலே ஓட்டத்தை அடைத்து, இயந்திரத்தால் உறிஞ்சி, காற்று ஊதி, விஷவாயுவை அளக்கிற கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு வெளிப்பக்கமிருந்து இணைக்கிற வேலையை, அந்த லைனைப் பராமரிக்கிற அலுவலகம் தன் ஆட்களை வைத்துச் செய்யட்டும். எழுதிக் கேளுங்கள்.

டீசல் பம்பைப் பள்ளத்துக்குள் இறக்கி ஓட்டாதீர்கள், புகையே ஆளைக் கொல்லும். டேப் சுற்றிய ஒயர் உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதுவும் கொல்லும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி போடுங்கள்.

இறைக்கிற தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும், பக்கத்து வீட்டுக் கிணறு கரிக்கத் தொடங்கும். அதனால்தான் மொத்தத் தெருவையும் ஒரே சமயத்தில் இறக்க வேண்டாம் என்கிறேன். கரிக்கிற தண்ணீரை ஊரணியிலோ தென்னந்தோப்பிலோ விட்டால் ஊர் உங்களைச் சும்மா விடாது, விடவும் கூடாது.

காண்ட்ராக்டரின் அவசரம் பொய்யில்லை. மழைக்கு முந்தைய இந்த மாதங்களில்தான் நீர்மட்டம் கீழே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஏறிவிடும். அதனால் ஆழமான கடைசித் துண்டை முதலில் முடியுங்கள், எப்படியும் தாழ்ந்த முனையிலிருந்துதானே தொடங்க வேண்டும். மேலே இருக்கிற 1.2, 1.5 மீட்டர் பகுதியை மழை விட்ட இடைவெளியிலும் பார்த்துக்கொள்ளலாம். "பெட்டி வேண்டாம், இறங்கு" என்று அவர் சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத மாட்டார். ஏதாவது நடந்தால் ஆளை இறக்கியது யார் என்றுதான் போலீஸ் முதலில் கேட்கும், அது நீங்கள்.

கடைசியாக அந்தக் காம்பவுண்டுச் சுவர். இன்றைக்கே வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள். வெடிப்பின் ரெண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். தினமும் வேலை தொடங்குமுன் போய்ப் பாருங்கள். கண்ணாடி விண்டிருந்தாலோ வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ அன்றைக்கு வெட்டு கிடையாது. திறந்திருக்கிற பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டு எனக்குப் போன் போடுங்கள்.